ஏரிக்கரையில் எங்க மாமா

(பட்டிமன்றத் தலைப்பு: விடுமுறைப் பயணத்தில் பெரிதும் சுகம் தருவது ஓடியோடிப் பார்ப்பதா? ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பதா? ‘உட்கார்ந்து பார்ப்பதே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

மூச்சு வாங்க வாங்க வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

மூச்சு வாங்குறாங்கன்னு ஏன் சொன்னேன்? எனக்கு முன்னால் பேசின தம்பி, கொடைக்கானலில் ஒரே நாளில் பதினோரு இடம் பார்த்ததாகப் பெருமையாச் சொன்னார். பதினோரு இடம்! நான் கேட்கிறேன் தம்பி, அந்தப் பதினொண்ணுல ஏழாவது இடம் எது? சொல்லுங்க பார்ப்போம். (சிரிப்பு) சொல்ல முடியாது. ஏன்னா ஏழாவது இடத்துல அவர் வேன்ல தூங்கிக்கிட்டு இருந்திருப்பார். “இறங்குங்க, பத்து நிமிஷம், போட்டோ எடுத்தவங்க ஏறுங்க” என்று டிரைவர் கத்துவார். இறங்கி, பாறை முன்னால் நின்று, பல்லைக் காட்டி, ஏறியாச்சு. பார்த்தது பாறையா, டிரைவரோட முதுகா?

நடுவர் அவர்களே, இப்படிக் கேலி பண்ணுகிற எனக்கு இந்த அணியில் நின்று பேச ஒரு காலத்தில் யோக்கியதை கிடையாது. நானும் ஓடினவள்தான். என்னை உட்கார வைத்தது என் மாமனார். அதுவும் நானாக விரும்பி உட்காரவில்லை. வேறு வழி இல்லாமல், உள்ளுக்குள்ளே கருவிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

எங்களுக்குக் கொட்டாம்பட்டி. மதுரையிலிருந்து திருச்சி போகிற சாலையில், மேலூரைத் தாண்டி வருகிற ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்து போய்விடுவார்கள். பெரும்பாலும் மானாவாரி பூமி. மழை பெய்தால் கண்மாய், கண்மாய் பெருகினால் நெல்லு. இல்லையென்றால் கடலையோ எள்ளோ போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். எங்க மாமா அப்படி வானத்தையே பார்த்து வயசானவர். அவருடைய காட்டுக்குக் கால்வாய்த் தண்ணி என்று ஒன்று வந்ததே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவேன்.

அரையாண்டுப் பரீட்சை லீவு. எங்க வீட்டுக்காரர் ஒரு வேன் பேசினார். தேக்கடிக்கு ரெண்டு நாள். அவர் ஒரு காகிதத்தில் பட்டியல் போட்டிருந்தார் பாருங்கள், ரேஷன் கார்டு தோற்றுப்போகும். வைகை அணை, சுருளி அருவி, லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம், குமுளி, தேக்கடிப் படகு, ஏலக்காய்த் தோட்டம், யானைச் சவாரி, அப்புறம் எங்கேயோ ஒரு மலை உச்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி எழுதியிருந்தது. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம்! எங்க அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாங்க: “ஏப்பா, வெத்தலை போடுறதுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்க?” (சிரிப்பு)

முதல் நாள் ஓடியே போச்சு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் என் கட்சியே! வைகை அணையில் சின்னவனுக்குச் செருப்பு அறுந்தது, சுருளியில் கூட்டம். அவ்வளவுதான் நினைவில் நிற்கிறது. லோயர் கேம்ப்பில் மட்டும், மலையிலிருந்து இறங்குகிற நாலு பெரிய குழாய்களை மாமா வேன் ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். “அது என்னாத்தா?” என்றார். “தண்ணிக் குழாய் மாமா, கரண்டு எடுக்கிறாங்க” என்றேன். வேன் வளைவில் திரும்பிவிட்டது. குழாய் மறைந்துபோயிற்று.

ரெண்டாம் நாள் காலையில் சிக்கல். சபரிமலை சீசன். குமுளியே கறுப்பு வேட்டிக் கடல். படகு டிக்கெட்டுக்குப் போய் நின்றால், காலைப் படகெல்லாம் நிறைந்துவிட்டது, பிற்பகல் மூன்றரைக்குத்தான் இடம் என்றார்கள். எங்க வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போச்சு. பட்டியலே கலைந்துபோச்சே! உடனே வேறு திட்டம்: “அதுக்குள்ள ஜீப் பிடிச்சு மத்த இடமெல்லாம் முடிச்சிருவோம்.” மாமா சொன்னார்: “எனக்கு முட்டி வலிக்குதுப்பா. நான் எங்கிட்டும் வரலை. தண்ணி இருக்கிற இடத்துல என்னை உக்கார வச்சுட்டுப் போங்க.” அத்தையும், “நானும் இவரோட இருக்கேன்” என்றார்கள்.

வயசான ரெண்டு பேரைத் தனியே விட முடியுமா? யாராவது கூட இருக்க வேண்டாமா? எல்லோரும் யாரைப் பார்த்தார்கள்? (சிரிப்பு) தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். மருமகளைத்தான் பார்த்தார்கள். ஏலக்காய்ச் செடியை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை நடுவர் அவர்களே. ஆசையாக வந்தேன். ஜீப் புகையைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் வயிற்றெரிச்சலோடு அவங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, வனத்துறை பஸ்ஸில் ஏறி, படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். மணி ஒன்பது. மூன்றரை வரைக்கும் ஆறரை மணி நேரம் என்ன செய்வது?

முதல் ஒரு மணி நேரம் நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். மாமா ஏரியைப் பார்த்தார். ஒரு மரத்தடி. கீழே தண்ணி. அக்கரையில் புல் மேடு, அதுக்கு மேலே காடு. பனி இன்னும் முழுசாக் கலையலை. ஒரு படகு புறப்பட்டுப் போகிற வரைக்கும் சந்தைக்கடைச் சத்தம். அது போனதும் சத்தம் எங்கே போச்சென்றே தெரியாது. அடுத்த படகுக்குக் கூட்டம் வருகிற வரைக்கும் அந்த இடம் நமக்கே நமக்கு. ஓடுகிறவர்கள் பார்ப்பது அந்தச் சத்தத்தை மட்டும்தான். நடுவில் வருகிற அமைதி உட்கார்ந்தவனுக்கு மட்டும் கிடைப்பது.

மாமா கேட்டார்: “ஏத்தா, தண்ணிக்குள்ள பட்ட மரமா நிக்குதே, இதை ஏன் வெட்டாம விட்டாங்க?”

தேக்கடிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏரிக்குள்ளே கறுப்புக் கறுப்பாக மொட்டை மரங்கள் நிற்கும். நான் சொன்னேன்: “மாமா, இது ஏரியா இருந்து மரம் முளைச்சதில்லை. காடா இருந்து தண்ணி ஏறுனது. 1895-ல் அணை கட்டி முடிஞ்சப்ப முங்கிப்போன காட்டோட மரம் இது.”

அவர் எண்ண ஆரம்பித்துவிட்டார். விரல் விட்டு ஒவ்வொரு மரமாக எண்ணுகிறார். “நூறு வருஷத்துக்கு மேல தண்ணியில நின்னும் விழலைன்னா அது என்ன மரமாத்தா!” விவசாயிக்கு மரத்தைப் பார்த்தால் மரியாதை வருகிறது. நமக்கு அதுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கத் தோன்றுகிறது.

அப்புறம் ஒரு மொட்டை மரத்து உச்சியில் ஒரு கறுப்புப் பறவை, ரெண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு, துவைத்த சட்டையைக் கொடியில் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. மாமா எழுந்தே விட்டார். “இவன் நம்ம கொள்ளுக்குடிபட்டிக் கண்மாய்ல இருக்கிறவன்ல! நீர்க்காகம்! இவன் எப்ப இங்க வந்தான்?”

நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எங்க ஊரிலிருந்து கிழக்கே சிங்கம்புணரியைத் தாண்டிப் போனால், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977-ல் அரசு அறிவித்தது. கொள்ளுக்குடிபட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காக அந்த ஜனங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? இருக்கும். ஆனாலும் வெடிக்க மாட்டார்கள். அந்த ஊரில் மாமாவுக்கு ஒரு சொந்தம் உண்டு. அங்கே பார்த்த பறவையை இங்கே பார்த்ததும், மேலூர்ச் சந்தையில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டார். ஒரு தேசியப் பூங்காவில் வந்து எங்க மாமா முதலில் கண்டுபிடித்தது புலி இல்லை, யானை இல்லை. ஊர்க்காரனை!

(நடுவர்: புலியைக் கண்டுபிடிச்சிருந்தா நீங்க இங்க வந்து பேச முடியுமாம்மா?)

முடியாதுங்க ஐயா. எதிரணி ஜெயிச்சிருக்கும். அன்னைக்கு நாங்களும் ஓடியிருப்போம். (பலத்த சிரிப்பு)

மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தோம். எலுமிச்சஞ்சாதம். ஒரு குரங்கு வந்தது. சாதத்தை அது சட்டை பண்ணவே இல்லை. நேரே அத்தையின் வெத்தலைப் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அத்தை போட்ட கூப்பாட்டில் அக்கரை யானையெல்லாம் உள்ளே போயிருக்கும். அது மேலே உட்கார்ந்து பாக்கைக் கடித்துப் பார்த்தது, துப்பியது. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து விரலை விட்டு நக்கியது. அவ்வளவுதான், முகத்தை ஒரு கோணு கோணி, டப்பாவை வீசி எறிந்துவிட்டு ஓடிப்போச்சு. அத்தை டப்பாவைப் பொறுக்கிக்கொண்டு வந்து, “இதாவது கிடைச்சுச்சே” என்று துடைத்தார்கள்.

அந்தச் சுண்ணாம்பைப் பார்த்ததும் எனக்கு ஒன்று நினைவு வந்தது. “அத்தை, இந்த ஏரியைத் தாங்கி நிக்கிற அணையைக் கட்டினதே சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைச்சுத்தான்” என்றேன். மாமா உடனே, “அப்ப உன் பையில இருக்கிறதுதான் இம்புட்டுத் தண்ணியையும் நிறுத்தியிருக்கு!” என்றார். அத்தைக்கு ஒரே பெருமை.

அப்போதுதான் மாமா நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். “எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லு. எப்படிக் கட்டுனாக?”

நான் டீச்சர். பாடப் புத்தகத்தில் வருகிறதை வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஒப்பித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தருக்கு அன்றைக்குத்தான் சொன்னேன். 1876-ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்தைச் சொன்னேன். அவருடைய பாட்டனார் வழியாக அந்தப் பஞ்சக் கதை அவருக்கும் வந்திருந்தது. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு இது. அதைக் கிழக்கே திருப்பினார்கள். 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம். பென்னிகுவிக் என்கிற வெள்ளைக்கார இன்ஜினீயர் தலைமை. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போச்சு. காட்டுக் காய்ச்சலில் கூலியாட்கள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். மலையைச் சுமார் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் குடைந்து அந்தப் பக்கம் தண்ணியை இறக்கினார்கள். “நேத்து வேன்ல நாலு குழாய் பார்த்தீங்கள்ல மாமா? இந்தத் தண்ணிதான் அது வழியா இறங்குது. அங்கிருந்து சுருளியாறு, வைகை, வைகை அணை, பேரணை, அப்புறம் பெரியாறு கால்வாய், அப்புறம்...” என்று சொல்லி நிறுத்தினேன்.

அவரே முடித்தார். “அப்புறம் மேலூரு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எனக்கு முதமுதல்ல பொண்ணு பார்த்தது மேலூர்ப் பக்கம்தாத்தா. கால்வாய்ப் பாசன ஊரு. எங்க அய்யா ஒம்போது தட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு. அந்த வீட்டுப் பெரிய மனுசன் கேட்டான்: ‘உங்க ஊருக்கு எங்கிருந்து தண்ணி வருது?’ எங்க அய்யா மேல கையைக் காமிச்சாரு. ‘மேகத்தை நம்பிப் பொண்ணு குடுக்க மாட்டோம்’னுட்டான். தட்டைத் திருப்பிக்கிட்டு வந்தோம். அந்தக் கால்வாய்க் கரைப் பக்கம் அதுக்கப்புறம் நான் கால் வச்சதில்லை.”

நடுவர் அவர்களே, நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு நாளும் இதை அவர் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? நாங்கள் என்றைக்கு அவர் பக்கத்தில் ஆறரை மணி நேரம் உட்கார்ந்தோம்? சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, முடிஞ்சது பேச்சு. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் சுண்ணாம்பு டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்கள்: “அந்தத் தண்ணி மட்டும் அன்னைக்கு இவங்க ஊருக்கு வந்திருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்.” (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மாமா சிரித்தார் பாருங்கள்! ஏரிக்கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மூன்று மணிக்கு ஜீப் கூட்டம் வந்து சேர்ந்தது. பெரியவன் வாந்தி எடுத்திருந்தான். எங்க வீட்டுக்காரர் ஏலக்காய் கால் கிலோ வாங்கி வந்திருந்தார். விலையைக் கேட்டு அத்தைக்கு மயக்கமே வந்தது. “என்னடா பார்த்தீங்க?” என்றால் சின்னவன் சொல்கிறான்: “கடை.” சரி, யானை? “யானை மேல ஏறுனோம். முன்னாடி உக்காந்திருந்தவங்க முதுகு தெரிஞ்சது.” முதுகு, முதுகு! ஓடியோடிப் பார்ப்பவர்களுக்கு எங்கே போனாலும் கடைசியில் தெரிவது முதுகுதான்.

மூன்றரைப் படகு. ஏறும்போதே எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று படகுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று என் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் முணுமுணுத்தான். அந்தத் தம்பிக்குத் தெரியாது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி, இதே ஏரியில், ‘ஜலகன்யகா’ என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்து போனார்கள். கரையில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் நடுவர் அவர்களே. நம்மைப் போலத் தூக்குச்சட்டியும் பிள்ளைகளுமாக வந்தவர்கள்.

படகு போகிறது. ஒரு திருப்பத்தில் அக்கரைப் புல்லில் அஞ்சாறு யானை. ஒரு குட்டி தாயோட காலுக்குள்ளே நின்று தண்ணியை அடித்து விளையாடுகிறது. “யானை! யானை!” என்று ஒருத்தர் கத்தினார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள், இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் அங்கே பாய்ந்தார்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு எங்க வீட்டுக்காரரும் எழுந்தார். பெரியவன் அப்பா பின்னாலேயே எழுந்தான். படகு லேசாச் சாய்ந்தது. லேசாத்தான். ஆனால் என் வயிற்றில் என்னமோ செய்தது. படகுக்காரர் விசில் அடிக்கிறார், யாருக்கும் காது கேட்கவில்லை.

ஒரு சத்தம் வந்தது: “உக்காருங்கப்பா எல்லாரும்!”

எங்க மாமா. கண்மாய்க் கரையில் நின்று அக்கரை மாட்டை விரட்டிப் பழகின தொண்டை. ஒரு நிமிஷத்தில் படகு முழுக்க உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார். கல்யாணம் ஆன நாளாக நான் எத்தனையோ தடவை சொல்லியும் உட்காராத மனுஷன்! (சிரிப்பு, கைதட்டல்) அப்புறம் மாமா மெதுவாகச் சொன்னார்: “உக்காந்தாத்தான் எல்லாருக்கும் தெரியும். அது எங்கயும் போகாது. அதுக்கு என்ன பஸ்ஸா இருக்கு?”

அப்படியே தெரிந்தது. படகுக்காரர் இன்ஜினைக் குறைத்தார். அந்தக் குட்டி தண்ணியை அள்ளித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டதை, அத்தனை பேரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தோம்.

(மணி ஒலிக்கிறது.)

முடிச்சுடுறேன் ஐயா, ஒரே நிமிஷம். இப்ப நான் ஓட வேண்டியதாப் போச்சு.

ராத்திரி ஊருக்குத் திரும்பும்போது, மேலூர்ப் பக்கம் ஒரு கால்வாய்ப் பாலத்தில் மாமா வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இருட்டு. தண்ணிச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்: “நாம பார்த்த தண்ணி இன்னும் வந்திருக்காது. நாம முந்திட்டோம். அது பைய வரும்.”

நாலு நாள் கழித்து, காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். “எங்க மாமா?” என்றேன். “மேலூருக்கு. இன்னைக்குத்தான் அது வந்து சேரும். கரையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாரேன்” என்றார். வைகை அணையில் தேங்கி, மதகு திறந்து, அப்புறம்தானே வரும். கணக்குப் பார்த்தால் நாலு நாளில் சரியாக வராது. டீச்சருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை.

அத்தை உள்ளேயிருந்து கேட்டார்கள்: “யாரைப் பார்க்கப் போறாரு? அந்தத் தட்டைத் திருப்பி விட்ட வீட்டுக்காரியையா?” என்று சொல்லிக்கொண்டே சேலையை மாற்றி, தூக்குச்சட்டியையும் சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே பஸ்ஸுக்கு நடந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் திரும்பி வரவில்லை.